தூரமா?

தண்ணீருக்குள் யாரோ விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடாரத்து ஜிப்பை இழுத்து மூடியதும் உள்ளே கும்மிருட்டு, நீட்டிய கை தெரியவில்லை, காலடியில் மட்டும், உறைந்த ஏரியின் ஐஸில், சோற்றுப்பானை வாய் அகலத்தில் அந்தத் துளை, அதற்குள்ளிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் எழும்பி என் முழங்காலில் படுகிறது. என்னைக் கூட்டிவந்த டோரீனைக் கேட்கலாமென்றால் அவள் துளையைப் போட்டுத் தந்துவிட்டு, இனி நீயாச்சு உன் மீனாச்சு என்கிற மாதிரி கையை உதறிவிட்டுத் தன் சிநேகிதர்களின் கூடாரத்துக்குப் போய்விட்டாள், அவள் சிரிப்பு இங்கே வரை கேட்கிறது. பிறகு நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன். வெளியே வெயில். அந்த வெயில் ஐஸுக்குள் இறங்கி, ஏரியின் அடியெல்லாம் சுற்றிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இந்த ஓர் ஓட்டை வழியாக வந்து சேர்கிறது. அவ்வளவுதான் விஷயம். விஷயம் தெரிந்த பிறகும் திறந்த வாய் மூடமாட்டேன் என்கிறது. நாற்பத்தாறு வயதில், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட சட்டைகளில் தலையணை மாதிரி உப்பிப்போய், தண்ணீரின் மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரின் மேல். இதை யாரிடம் சொல்ல? எனக்கு ஐஸ் தெரியாதா என்ன, தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்காரிக்கு? ஐஸ் என்றால் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வரும், சாக்கைப் போர்த்தி வரும், மரக்கட்டையால் அடித்து நொறுக்கி மீனுக்குக் கீழே ஒரு வரிசை மேலே ஒரு வரிசை கொட்டுவோம். எங்கள் ஊரில் ஐஸ் செத்த மீனுக்கு. பிழைக்க வந்த இந்தக் குளிர் நாட்டில் ஐஸ் மேலே கிடக்கிறது, அதற்குக் கீழே மீன் உயிரோடு, தன் வீட்டில் தானிருக்கிற மாதிரி உலாத்துகிறது, அதன் கூரை மேல் நான் ஏறி உட்கார்ந்து தூண்டிலை இறக்கியிருக்கிறேன். துளையில் மேலாக மறுபடியும் சில்லுச் சில்லாக உறைகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜல்லிக்கரண்டியால், வடையை அரித்தெடுப்பதுபோல் அரித்தெடுத்து ஓரத்தில் போடுகிறேன். கரண்டிக்கு இது புது வேலை, எனக்கும்தான்.

இது ஒத்திகை. நிஜம் அடுத்த வெள்ளிக்கிழமை. டோரீன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிறவள், ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில், கிட்ட வந்து விலகி, கிட்ட வந்து விலகி, இத்தனை வருஷமாக நாங்கள் பேசியதெல்லாம் ஒரு விரிப்பின் நீளத்தில் பேசியதுதான். அப்படித்தான் ஒரு நாள் அவள் வருஷா வருஷம் மாசியில் வடக்கே காட்டுக்குள் போய், உறைந்த ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு ராத்திரி தங்கி மீன் பிடிப்பதைச் சொன்னாள். ஆள் கிடையாது, ரோடு கிடையாது, போன் வேலை செய்யாது, மூச்சு விட்டால் தாடையில் உறையும், விடிகாலையில் ஓநாய் ஊளையிடும் என்றாள். நான் விரிப்பை மடிக்காமல் அப்படியே நின்றேன். நானும் வரட்டுமா என்று கேட்டது என் வாய்தான், அதை நான் அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. வலையைத் தொடலாம், மீனை அறுக்கலாம், ஏலத்தில் நின்று ஊரையே ஏசலாம், கடலில் மட்டும் கால் வைக்கக் கூடாது, ஏன் என்று கேட்டால் கூடாது என்றால் கூடாது. அம்மா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முழங்காலுக்கு மேல் அது அவளை நனைத்ததில்லை. அவள் மகள் இங்கே நட்ட நடு ஏரியில் பூட்ஸ் காலோடு நடந்து வந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிக்கிறாள். சேசு தண்ணீர் மேல் நடந்ததைக் கோயிலில் கேட்டதுண்டு, கூட நடந்த சீடர் பயந்தவுடன் முழுகியதும் அந்தக் கதையில்தான் வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், டோரீன் ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கி எனக்கு ஆழத்தைக் காட்டிவிட்டுத்தான் ஸ்டூலையே போட்டாள். நூல் போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளை கஸ்பார் அதைப் பார்க்கவில்லை.

கஸ்பார் என் வீட்டுக்காரர். கரையில் காரில் இருக்கிறார், ஹீட்டரை முழுசாகப் போட்டுக்கொண்டு. அவர் தாத்தா கடல்காரர், அப்பா கடல்காரர், அவரே கல்யாணத்துக்கு முன்னால் விசைப்படகில் போனவர், இப்போது பேக்கரியில் ரொட்டி சுடுகிறார், ஐஸில் ஒரு கால் வைக்கமாட்டேன் என்கிறார். தண்ணீர்னா அசையணும் மெட்டில்டா, அசையாத தண்ணிய நம்பப்படாது என்று காலையில் சொன்னார். சொல்லிவிட்டு எனக்காகப் பொரித்த கருவாட்டை டப்பாவில் அடைத்துத் தந்தார். மீன் பிடிக்கப் போகிறவளுக்கா கருவாடு கட்டித் தருவீர்கள், நம்பிக்கை அவ்வளவுதானா என்று கேலி செய்தேன், சிரிக்கவில்லை. அடுத்த வாரத்துக்குப் புளிக்குழம்பை வைத்துத் தட்டையான பைகளில் ஊற்றிப் பால்கனியில் கிடத்தியிருக்கிறார், பலகை மாதிரி உறைந்து கிடக்கிறது, சுவரில் சாத்தி வைக்கலாம். மரத்துண்டு இரண்டை இழைத்து, ஒவ்வொன்றிலும் ஆணி இறக்கி, கயிறு கோத்து என் கழுத்தில் அவர்தான் மாட்டிவிட்டார். ஐஸ் உடைந்து உள்ளே போனவர்கள் அந்த ஆணிகளை ஓரத்தில் குத்திக் குத்தி மேலே ஏறுவார்களாம். எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாரோ, எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா கெடக்கட்டும் என்றார். மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு மாதிரி நெஞ்சில் தொங்குகிறது. ஆபத்தைக் கையால் தொட்டுச் செய்யத் தெரிகிறது இந்த மனுஷனுக்கு, வாயால் மட்டும் வராது, காதாலும் வாங்கமாட்டார். அதுதான் இப்போது என் தொல்லை. காலையில் டோரீன் கேட்டாள், அடுத்த வாரம் நாம் போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டாயா என்று. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, அதில் ஒரு வசதி. ஆனால் டோரீன் பழைய விரிப்பில் கிழிசல் தேடுகிற கண்ணால் என்னைப் பார்த்தாள். சாயங்காலம் கரைக்குப் போனதும் உன் வீட்டுக்காரனிடம் கேட்பேன், எந்த ஏரி, எந்தப் பக்கம், எந்த நேரம் தாண்டினால் போலீஸைக் கூப்பிட வேண்டும், மூன்றையும் அவன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நீ வரவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வாளி எங்கே என்பது மாதிரிச் சொன்னாள்.

போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது, தாய்ப்பாலோடு வந்துவிட்டது. கேட்டால் போகிற காரியம் முறியும். கடலுக்குப் போகிறவரை வாசலில் மறித்து எங்கே என்று கேட்டால் அன்றைக்கு அவர் போகாமல் திரும்பிவிடுவதும் உண்டு, கேட்டவள் காது கிழிய வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குள்ளே ஒரு தந்திரமும் இருக்கிறது, நல்ல பார் எது, அதாவது கடலுக்குள் மீன் அடைகிற பாறைத்திட்டு எது என்று தெரிந்தவன் பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கமாட்டான். இங்கேயும் அப்படித்தான், டோரீனின் சிநேகிதன் ஒருவன் கைநிறைய மீனோடு வந்தான், எங்கே என்றால் ஏரியில் என்கிறான். மீன்காரன் எந்த நாட்டிலும் மீன்காரன்தான். கேட்கக் கூடாதென்றாலும் மனசு சும்மா இருக்காதே, அதற்காக ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். தூரமா? அவ்வளவுதான். அம்மா அன்றைக்கு அதைத்தான் கேட்டாள், நான் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். அம்மா கேட்டாள், "தூரமா?" அப்பா சொன்னார், "தூரந்தான்." ராத்திரி வாடைக்காற்று திரும்பிவிட்டது. மறுநாள் வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்து அணைந்தன, எங்கள் வள்ளம் வரவில்லை. ஆட்கள் வந்து அம்மாவைக் கேட்டார்கள், மிக்கேல் எந்தப் பக்கம் போனான், தெற்கா வடக்கா, ஏதாவது சொன்னானா? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், "தூரம்னு மட்டுந்தான் சொன்னாவ." அப்பா வழக்கமாகத் தெற்கேதான் போவார். எல்லோரும் தெற்கே போய்த் தேடினார்கள். நன்றாகத் தேடினார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. அப்பா வடக்கே இருந்தார். தேடியவர்கள் கடைசியில் வடக்கே போனபோது வள்ளம் கவிழ்ந்து கிடந்தது, அதன் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி, அதில் அவர் சாரத்தை இறுக்கிக் கட்டியிருந்தார், கொடி மாதிரி. அப்பாவைக் காணவில்லை. நான் அங்கேயேதான் நிற்கிறேன், இவ்வளவு வருஷமாக, அந்த முடிச்சில். சாரத்தைக் கட்டியிருக்கிறார் என்றால் கட்டுகிற வரைக்கும் இருந்திருக்கிறார். கட்டிவிட்டுத் தெற்கே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். எவ்வளவு நேரம் இருந்திருப்பார்?

நூலில் ஏதோ. இல்லை, என் கைதான் அசைந்திருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன், மூக்கு தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பச்சைக்குள் பச்சையாக நூல் இறங்கி, மெலிந்து, காணாமல் போகிறது. அப்போது அது வந்தது. கீழேயிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது, அவசரமே இல்லாமல், முதுகு பழைய பித்தளை நிறம், துளைக்கு நேர் கீழே வந்து நின்று ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கோலிக்குண்டு மாதிரிக் கண், அதற்குள் வெளிச்சம் இருந்தது. தூண்டிலைச் சுண்ட வேண்டும் என்று தெரியும், டோரீன் அத்தனை தடவை செய்து காட்டியிருக்கிறாள், கை எழும்பவில்லை. செதிள் ஒவ்வொன்றும் தெரிந்தது. செவுள் திறந்து மூடியது. என் வாழ்நாளில் ஆயிரம் ஆயிரம் மீனை அறுத்திருப்பேன், உயிரோடு தன் இடத்தில் நிற்கிற மீனை நான் பார்த்ததில்லை என்பது இந்த நிமிஷம்தான் உறைக்கிறது. இதைத்தான் அப்பா பார்த்துக்கொண்டிருந்தாரா, தினமும்? இதைப் பார்த்துவிட்டு வந்தா ஒன்றுமே சொல்லாமல் பழைய சோறு சாப்பிட்டார்? எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, சங்கடத்தில் இல்லை, இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு யாரோ எனக்குக் காட்டாமலே இருந்திருக்கிறார்கள் என்கிற ஆற்றாமையில். மீன் திரும்பியது, வால் ஒரு தரம் அசைந்தது, பச்சை மறுபடியும் வெறும் பச்சையானது. வடக்கே ஏரி இதைப்போல நூறு மடங்கு இருக்குமாம். அதன் நடுவில் ராத்திரி நட்சத்திரம் ஐஸிலும் தெரியும் என்றாள் டோரீன். நான் போக வேண்டும். போகாவிட்டால் செத்துவிடமாட்டேன், ஆனால் போக வேண்டும். கஸ்பாரிடம் எத்தனை தடவை ஆரம்பித்தேன், சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, வெள்ளிக்கிழமை நாங்க போற ஏரி இருக்குல்லா என்று ஆரம்பித்தவுடன், போற காரியத்த வாய் விட்டுச் சொல்லாத மெட்டில்டா என்று எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவார். எழுதி வைக்கலாம் என்றால் எழுதியதை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அவளுக்குத் தெரிஞ்சாப் போதும் என்பார். மாதா போலீஸுக்குப் போன் போடுவாளா?

அப்போதுதான் ஐஸ் கத்தியது. வேறு எப்படிச் சொல்ல? ஏரியின் அந்தக் கோடியில் ஆரம்பித்தது, தகரக் கூரைமேல் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு யாரோ ஓடி வருவது மாதிரி, ஓடி வந்து, என் ஸ்டூலுக்கு அடியில் புகுந்து, முதுகெலும்பு வழியாக ஏறி, கரையைப் பார்த்துப் போயே போய்விட்டது. துளைத் தண்ணீர் ஒரு விரல் எழும்பித் தாழ்ந்தது. கழுத்து ஆணிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஐஸ் சத்தம் போட்டால் நல்லது, அது வளர்கிறது என்று டோரீன் சொல்லியிருக்கிறாள், இது ஒரு கை நீளம் தடிப்பு, லாரியே நிற்கும் என்று சொல்லியிருக்கிறாள், தூரத்தில் அவள் சிரிப்பு நிற்காமல் கேட்கிறது, எல்லாம் புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. மறுபடியும் கத்தியது, இந்தத் தடவை நீளமாக, கடைசியில் மெல்லிசாக ஒரு ராகம் மாதிரி இழுத்துக்கொண்டு. பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, பூசையில் மணியடிக்கும்போது வருமே, அது. இவ்வளவு பெரிய உடம்பு ஒன்று குளிரில் வளர்கிறது, வளர்கிற வலியில் முனகுகிறது, அதன் மேல் ஒரு பொட்டாக நான். பாட்டை நிறுத்தாதே என்று அதனிடம் சொல்லத் தோன்றியது. நான்தான் எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. வெளியே காலடி கேட்டது, வழுக்கி வழுக்கி வருகிற காலடி, பூட்ஸ் இல்லை, பேக்கரிக்குப் போகிற சாதா ஷூ. ஒரு கூடாரத்து ஜிப் திறக்கிற சத்தம், யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, சாரி சாரி என்கிற குரல். இன்னொரு ஜிப். மறுபடியும் சாரி. அந்தக் குரல் என் பேரைச் சொல்லிக் கத்தியது.

நான் ஜிப்பை இழுத்தேன், வெளிச்சம் கண்ணைக் குத்தியது, அந்த வெளிச்சத்தில் கஸ்பார் நின்றார், தொப்பி இல்லை, கையுறை இல்லை, ஏரியின் நடுவில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஏதாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். உள்ளே இழுத்து வாளியைக் கவிழ்த்து உட்காரவைத்தேன். பல் கிட்டியிருந்தது. "என்ன சத்தம் அது, காருக்குள்ள கேக்கு. ஓடியாந்தேன்" என்றார். "எல்லாக் கூடாரமும் நீலமா இருக்கு. நீ எதுலன்னு தெரியல. அந்தக் கோடிக்குப் போயிட்டேன் மெட்டில்டா. நீ இங்க இருக்க, நான் அந்தக் கோடியில தேடுதேன்." அதைச் சொன்னவுடன் அவரே நிறுத்திக்கொண்டார். என் அப்பா கதை அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இரண்டு பேரும் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை அவர் தாடியில் விழுந்தது. தண்ணிக்குள்ள லைட்டா என்றார், வெயிலுங்க என்றேன், அட சேசுவே என்றார் மெதுவாக, கையை நீட்டி அந்த வெளிச்சத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், துளையைப் பார்த்தே கேட்டார்.

"எங்க போற?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கடைக்குப் போகிறவளைக்கூடக் கேட்டதில்லை. "கேக்கியளா?" என்றேன். "கேக்கேன்லா, சொல்லு" என்றார். சொன்னேன். "வடக்க ஹெரான் ஏரி. போகப் போக ஏரி ரெண்டு கையாப் பிரியும். கிழக்குக் கை இல்ல, மேற்குக் கை. அதுல ஒரு தீவு, தீவுல எரிஞ்ச மரம் ஒண்ணு நிக்கும், அதுக்குப் பொறத்தால எங்க கூடாரம்." "எப்ப வருவ?" "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரோட்டுக்கு வந்து போன் பண்ணுவேன். பொழுதடையிறதுக்குள்ள வரலைன்னா..." அதற்கு மேல் என் வாயும் அவர் வாய் மாதிரிதான், வரவில்லை. அவர்தான் முடித்தார். "வரலைன்னா போலீஸுக்குப் போன் போட்டு மேற்குக் கைன்னு சொல்லுவேன். எரிஞ்ச மரம்னு சொல்லுவேன்." மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னேன், ஞானோபதேசம் ஒப்பிக்கிற பையன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார், ஒரு இடத்தில் கிழக்கு என்று தடுமாறினார், நான் வாயைத் திறப்பதற்குள், இல்ல இல்ல மேற்கு, மேற்கு என்று தானே தொடையில் அடித்துக்கொண்டார். டோரீன் வந்து ஜிப்பைத் திறந்து தலையை நீட்டியபோது அவளை முந்திக்கொண்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் தன் இங்கிலீஷில் பதில் சொன்னார், எரிந்த மரத்துக்கு வார்த்தை கிடைக்காமல் கையை மேலே தூக்கி மரமாக நின்று, விரலை நெருப்பாக ஆட்டிக் காட்டினார். டோரீன் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, நல்லது என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், ஸ்டூலை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கரைக்கு நடந்து வந்தோம். சாயங்கால வெயிலில் ஐஸ் ரோஸ் நிறமாகக் கிடந்தது, எங்கள் இரண்டு நிழலும் முன்னால் நீண்டு எங்களுக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டிருந்தன. கஸ்பார் என் கையை விடவில்லை, ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டு வைக்கிற மாதிரி வைத்தார். பாதி வழியில் ஐஸ் மறுபடியும் முனகியது. நின்றார், அது போய் முடிகிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார், வளருதுங்க என்றேன், ம் என்றார். கொஞ்ச தூரம் போனதும் வழக்கமான குரலில் கேட்டார், "தூரமா?"

"தூரந்தான்" என்றேன்.

எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன்.